கடலடிக் குழாய் வெல்டில் ஹைட்ரஜன் விரிசல்: வராமல் தடுக்கும் வழி, படிப்படியாக

வெல்டிங் முடிந்து, ஸ்லாக் தட்டி, பிரஷ் போட்டுப் பார்த்தால் வெல்ட் அழகாக இருக்கும். அன்று மாலை சோதித்தாலும் குறை தெரியாது. மறுநாளோ மூன்றாம் நாளோ அதே இடத்தில் காந்தப் பொடி தூவினால், வெல்டின் ஓரத்தில் தலைமுடி போல ஒரு கோடு நிற்கும். கரையில் ஒரு பட்டறையில் முதன்முதலாக அதைப் பார்த்தபோது, முந்தின நாள் சோதித்தவர் கவனிக்காமல் விட்டுவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் மீது தப்பே இல்லை. அவர் பார்த்த நேரத்தில் அந்த விரிசல் பிறக்கவே இல்லை.

இதுதான் ஹைட்ரஜன் விரிசல். குளிர் விரிசல், தாமத விரிசல் என்றும் சொல்வார்கள். கரையில் வந்தால் தோண்டி எடுத்துவிட்டுத் திரும்ப வெல்ட் செய்யலாம். கடலுக்கு அடியில் நூறு மீட்டர் ஆழத்தில், குழாயைத் திரும்பக் கடலில் விட்டு, கப்பலும் போன பிறகு வந்தால் என்ன செய்வது? அதனால்தான் கடலடி ரிப்பேரில் இந்த ஒரு குறைக்காகவே பாதி வேலை நடக்கிறது. அந்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், எது விரிய வைக்கிறது

நான்கு விஷயங்கள் ஒன்றாகச் சேர வேண்டும். வெல்டுக்குள் ஹைட்ரஜன் இருக்க வேண்டும். எஃகு கெட்டித்துப்போய் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்க வேண்டும். அந்த இடத்தை இழுக்கும் விசை ஒன்று இருக்க வேண்டும். வெப்பநிலை சுமார் 150 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இதில் ஒன்றை முழுக்க எடுத்துவிட்டால் விரிசல் வராது. நடைமுறையில் எதையும் முழுக்க எடுக்க முடிவதில்லை. நான்கையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறோம்.

ஹைட்ரஜன் வருவது பெரும்பாலும் ஈரத்திலிருந்துதான். ஆர்க்கின் சூட்டில் நீர் மூலக்கூறு உடைந்து, ஹைட்ரஜன் அணுக்கள் உருகிய எஃகில் கரைகின்றன. உருகிய எஃகு நிறையக் கரைத்துக்கொள்ளும். உறைந்த எஃகால் அவ்வளவு வைத்துக்கொள்ள முடியாது. அதனால் வெல்ட் ஆற ஆற ஹைட்ரஜன் வெளியே போக வழி தேடுகிறது. ஒரு பகுதி காற்றுக்குப் போகிறது, இன்னொரு பகுதி பக்கத்திலுள்ள, சூடு பட்ட மூல எஃகுக்குள் நுழைகிறது. அந்தப் பகுதி வேகமாக ஆறியிருந்தால் மார்ட்டென்சைட் என்ற கெட்டியான அமைப்பாக மாறியிருக்கும். கெட்டியான எஃகு, ஹைட்ரஜன், இழுவிசை மூன்றும் வெல்டின் ஓரத்திலோ வேரிலோ சந்திக்கின்றன. ஹைட்ரஜன் அங்கே மெதுவாக வந்து சேர நேரம் எடுக்கும். விரிசல் தாமதமாக வருவதற்குக் காரணம் அதுதான்.

இந்தக் கட்டுரை முழுவதும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் இரண்டு: சூடு, நேரம். சூடாக இருக்கும்வரை ஹைட்ரஜன் நடமாடி வெளியேறும். குளிர்ந்தால் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

முதல் படி: வெல்டிங் தேவையா, எப்படிப்பட்ட வெல்டிங்?

கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. நங்கூரம் உரசிய பள்ளம், சிறு கசிவு போன்றவற்றுக்கு போல்ட் போட்டு இறுக்கும் கிளாம்ப் போதுமானதாக இருக்கலாம். குழாயை வெட்டி நடுவில் புதுத் துண்டு வைக்கும் ரிப்பேருக்குக்கூட வெல்டிங் இல்லாத மெக்கானிக்கல் இணைப்புகள் இருக்கின்றன. வெல்டிங் வேண்டாம் என்று முடிவெடுப்பதும் ஹைட்ரஜன் விரிசலைத் தடுக்கும் ஒரு வழிதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெல்டிங்தான் என்று முடிவானால் இரண்டு வழிகள். ஒன்று ஈர வெல்டிங்: டைவர் தண்ணீருக்குள்ளேயே, நீர்புகாத பூச்சுப் போட்ட ராடை (வெல்டிங் எலக்ட்ரோடை) வைத்து வெல்ட் செய்வது. சோவியத் பொறியாளர் கான்ஸ்டான்டின் ஹிரெனோவ் 1932-ல் உருவாக்கிய முறை. இன்னொன்று உலர் வெல்டிங்: குழாயைச் சுற்றி ஹேபிட்டாட் எனப்படும் அறையை இறக்கி, அதிலுள்ள தண்ணீரை வாயுவால் வெளியே தள்ளிவிட்டு, அந்த ஆழத்தின் அழுத்தத்திலேயே உள்ளே உலர்ந்த இடத்தில் வெல்ட் செய்வது.

ஈர வெல்டிங்கில் ஆர்க்கைச் சுற்றி ஒரு வாயுக் குமிழி நிற்கும். அதில் பெரும்பகுதி ஹைட்ரஜன். வெல்ட் உருகுவதே ஹைட்ரஜன் குமிழிக்குள் என்று சொன்னால் நிலைமை புரியும். ரூட்டைல் (டைட்டானியம் ஆக்சைடு) பூச்சு ராடில் 100 கிராம் வெல்ட் உலோகத்துக்கு 30 மில்லிலிட்டருக்கு மேல் ஹைட்ரஜன் சேர்வது சாதாரணம். கரையில் நன்றாகச் சுட்ட பேசிக் (சுண்ணாம்பு வகைப் பூச்சு) ராடில் 5-க்குக் கீழே கொண்டுவரலாம். இதோடு, சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் வெல்ட் 800 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்குச் சில விநாடிகளில் இறங்கிவிடும். விக்கர்ஸ் அளவில் 400-ஐத் தாண்டிய கடினத்தன்மை எளிதாக வரும்.

அழுத்தம் தாங்கும் பிரதான குழாயின் சுற்று வெல்டை ஈர முறையில் செய்யக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. தூண், தாங்கி போன்ற சில கட்டமைப்பு ரிப்பேர்களுக்கு அதற்கு இடம் உண்டு. அங்கேயும் எஃகின் கார்பன் ஈக்விவலென்ட் (எஃகு எவ்வளவு எளிதில் கெட்டிக்கும் என்று காட்டும் எண்) 0.40-ஐத் தாண்டினால் சூடு பட்ட பகுதி விரியும் ஆபத்து மிக அதிகம். கடலடி வெல்டிங்குக்கான அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் டி3.6 விதிநூல் வெல்டுகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருப்பதும் இதனால்தான். கரையில் செய்த வெல்டுக்குச் சமமாக எதிர்பார்ப்பது ஏ வகுப்பு. ஓ வகுப்பு என்றால், அந்த வேலைக்குரிய வேறொரு விதிநூலின் தேவைகளையும் சேர்த்து நிறைவேற்ற வேண்டும்.

உலர் முறை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு நார்டு ஸ்ட்ரீம் நல்ல உதாரணம். பால்டிக் கடலில் 1,224 கிலோமீட்டர் நீளக் குழாயை மூன்று பகுதிகளாகப் பதித்தார்கள். வாயு போகப் போக அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு பகுதிக்கும் சுவர் தடிமன் வேறு. பின்லாந்துக்கு அருகே சுமார் 80 மீட்டர் ஆழத்திலும், ஸ்வீடனின் காட்லாந்து தீவுக்கு அருகே சுமார் 110 மீட்டர் ஆழத்திலும் அந்தப் பகுதிகளைக் கடலடியிலேயே உலர் அறைக்குள் வெல்ட் செய்து இணைத்தார்கள். முதல் குழாய்க்கு 2011-ல், இரண்டாவதுக்கு 2012-ல். அது ரிப்பேர் அல்ல, புது இணைப்பு. ஆனால் ரிப்பேருக்கும் அதே கருவிகள், அதே முறை.

கீழே சொல்வது பெரும்பாலும் உலர் முறைக்கானது.

இரண்டாம் படி: குழாயின் ஜாதகத்தைப் பாருங்கள்

மில் சர்டிஃபிகேட் (குழாய் செய்த ஆலை தரும் சான்றிதழ்) இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். அதிலுள்ள வேதியியல் அளவுகளை வைத்துக் கார்பன் ஈக்விவலென்ட் கணக்கிட வேண்டும்:

கார்பன் + மாங்கனீசு/6 + (குரோமியம் + மாலிப்டினம் + வனேடியம்)/5 + (நிக்கல் + தாமிரம்)/15

கார்பன் 0.12 சதவீதத்துக்கு மேல் போகாத நவீன குழாய்களுக்கு பி.சி.எம். என்ற இன்னொரு கணக்கு பொருத்தமானது:

கார்பன் + சிலிக்கன்/30 + (மாங்கனீசு + தாமிரம் + குரோமியம்)/20 + நிக்கல்/60 + மாலிப்டினம்/15 + வனேடியம்/10 + 5 × போரான்

இரண்டு குழாய்களைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்று, இன்றைய எக்ஸ்70 ரகம் (பேரிலுள்ள எண் எஃகின் வலிமையைக் காட்டும்) மாதிரி: கார்பன் 0.08, சிலிக்கன் 0.30, மாங்கனீசு 1.60, குரோமியம் 0.03, மாலிப்டினம் 0.10, வனேடியம் 0.04, நிக்கல் 0.20, தாமிரம் 0.15. கார்பன் ஈக்விவலென்ட் 0.40 வருகிறது, பி.சி.எம். 0.19. இன்னொன்று, பழைய பாணி எக்ஸ்60: கார்பன் 0.18, சிலிக்கன் 0.30, மாங்கனீசு 1.40, குரோமியம் 0.05, மாலிப்டினம் 0.02, வனேடியம் 0.05, நிக்கலும் தாமிரமும் தலா 0.05. இதற்கு கார்பன் ஈக்விவலென்ட் 0.44, பி.சி.எம். 0.27.

வலிமை குறைந்த பழைய குழாய்தான் அதிக ஆபத்தானது என்பதைக் கவனியுங்கள். பேரில் 60 என்று இருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. ரிப்பேருக்கு வருவது பெரும்பாலும் பழைய குழாய். நடுவில் வைக்கும் துண்டு புதுக் குழாய். இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிட்டு, மோசமானதை வைத்தே முன்சூட்டைத் தீர்மானிக்க வேண்டும். சர்டிஃபிகேட் கிடைக்கவில்லை என்றால், வெட்டி எடுத்த குழாய்த் துண்டை மேலே கொண்டுவந்து சோதிக்க வேண்டும். அதற்காக ஒருநாள் காத்திருந்தாலும் தப்பில்லை.

குழாயில் என்ன ஓடுகிறது என்பதும் இங்கேயே கேட்க வேண்டிய கேள்வி. ஹைட்ரஜன் சல்பைடு கலந்த எண்ணெயோ வாயுவோ என்றால், வெல்டிங் முடிந்த பிறகும் உள்பக்கத்திலிருந்து எஃகுக்கு ஹைட்ரஜன் வந்துகொண்டே இருக்கும். அங்கே கடினத்தன்மை 250 விக்கர்ஸுக்கு மேல் போகக் கூடாது. காஸ்பியன் கடலில் கஷாகன் வயலில் 2013 செப்டம்பரில் உற்பத்தி தொடங்கிச் சில வாரங்களிலேயே குழாய் கசிந்து எல்லாம் நின்றது. சல்பைடு விரிசல்தான் காரணம் என்று கண்டார்கள். எண்ணெய்க்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று என இரண்டு குழாய்களையும் மாற்றி 2016-ல்தான் திரும்ப உற்பத்தி வந்தது.

இப்படி ஓடிய பழைய குழாயின் சுவருக்குள் ஏற்கெனவே ஹைட்ரஜன் ஊறியிருக்கும். வெல்டிங்குக்கு முன்பே அந்த இடத்தைச் சில மணி நேரம் சூடாக்கி வைத்து அதை வெளியேற்ற வேண்டும்.

மூன்றாம் படி: கரையிலேயே ஒத்திகை

வெல்டிங் முறையை அதே அழுத்தத்தில், அதே வாயுவில், அதே குழாயில், அழுத்த அறைக்குள் செய்து பார்த்துத் தகுதி பெற வைக்க வேண்டும். 100 மீட்டர் ஆழம் என்றால் 11 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் ஆர்க் ஒடுங்கிவிடும், வோல்டேஜ் ஏறும். கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து வாயுவாக வெளியேறுவது அழுத்தத்தில் தடைபடும். அதனால் ராடு வெல்டில் கார்பனும் ஆக்சிஜனும் கூடும், மாங்கனீசும் சிலிக்கனும் குறையும். கரையில் வந்த அதே கடினத்தன்மைதான் கடலடியிலும் வரும் என்று நம்புவதற்கில்லை.

வெட்டிப் பார்த்த துண்டில் சூடு பட்ட பகுதியின் கடினத்தன்மையை அளக்க வேண்டும். 350 விக்கர்ஸ் என்பது ஹைட்ரஜன் விரிசலுக்குப் பரவலாகப் பின்பற்றும் எல்லைக்கோடு. முதல் ரன்னின் (ஒருமுறை இழுத்துப் போடும் வெல்ட் அடுக்குதான் ரன்) ஓரத்தையும், கடைசி ரன்னின் ஓரத்தையும் குறிவைத்து அளக்கச் சொல்லுங்கள். நடுவில் உள்ள ரன்களை அடுத்த ரன் சூடாக்கி மென்மையாக்கியிருக்கும். அங்கே அளந்தால் நல்ல எண்தான் கிடைக்கும்.

நான்காம் படி: அறையையும் குழாயின் உள்பக்கத்தையும் உலர்த்துவது

ஹேபிட்டாட்டின் அடிப்பக்கம் திறந்தே இருக்கும். கீழே கடல் தெரியும். அதனால் உள்ளே ஈரப்பதம் நூறு சதவீதத்தை ஒட்டியே நிற்கப் பார்க்கும். வாயுவைச் சுழற்றி ஈரத்தை எடுக்கும் கருவி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் கடல் நீரின் குளிரில் இருப்பதால் அதன் மேல் பனித்துளி போல வியர்க்கும். முன்சூடு கொடுப்பதன் முதல் பயன் இந்த வியர்வையைப் போக்குவதே.

வெளிப்பக்கத்தை எல்லாரும் பார்ப்பார்கள். மறந்துபோவது குழாயின் உள்பக்கம். ரிப்பேருக்கு வந்த குழாய் கடல் நீரால் நிரம்பியிருக்கும். வெட்டிய முனையின் இரு பக்கமும் அடைப்பான் வைத்து, தண்ணீரை வெளியேற்றி, அடைப்பான்களுக்கு நடுவே உள்ள இடத்தைத் துடைத்து, உலர்ந்த வாயு விட வேண்டும். அடைப்பானுக்குப் பின்னால் நிற்கும் தண்ணீர் கசிந்து வெல்டின் வேர்ப் பக்கம் வந்தால், ஆர்க்கின் சூட்டில் ஆவியாகி நேராக ரூட் ரன்னுக்குள், அதாவது வேரில் போடும் முதல் ரன்னுக்குள் போகும். வெளியே எவ்வளவு கவனமாக இருந்தும் விரிசல் வருகிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது இந்த இடத்தைத்தான்.

ஐந்தாம் படி: சுத்தம்

கான்கிரீட் உறை, அதன் கீழுள்ள தார் அல்லது பிளாஸ்டிக் பூச்சு இரண்டையும் வெல்டிலிருந்து தாராளமாக விலக்கி எடுக்க வேண்டும். பூச்சு சூடானால் அதிலிருந்து வரும் ஹைட்ரோகார்பன் ஆவியும் ஹைட்ரஜனைத்தான் தரும். துருவும் ஈரத்தைக் கட்டி வைத்திருக்கும்.

ஆனோடு (துருவைத் தடுக்கப் பொருத்தும் உலோகக் கட்டி) பொருத்திய குழாயில், பூச்சு போன இடங்களில் வெள்ளையாகச் சுண்ணாம்பு போல ஒரு படிவு இருக்கும். அதில் கால்சியம் கார்பனேட்டும் மக்னீசியம் ஹைட்ராக்சைடும் உண்டு. தொட்டால் உலர்ந்ததாகத்தான் தெரியும். ஆனால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு 300 டிகிரிக்கு மேல் சூடாகும்போது சிதைந்து நீராவியை விடும். வெறும் துணியால் துடைத்தால் போகாது. பளபளக்கும் உலோகம் தெரியும்வரை கிரைண்டிங் செய்ய வேண்டும். உப்பு போக நன்னீரால் கழுவி, பிறகு சூடாக்கி உலர்த்த வேண்டும்.

அசிட்டோன் போன்ற கரைப்பான்களை மூடிய அழுத்த அறைக்குள் கொண்டுபோகக் கூடாது. டைவரின் மூச்சுக்கு ஆபத்து. ஃபில்லர் கம்பியை மேலேயே துடைத்து, உறையில் மூடி அனுப்ப வேண்டும்.

ஆறாம் படி: ராடும் வாயுவும்

வேர் ரன்னுக்கு ஆர்கான் வெல்டிங், நிரப்புவதற்குக் குறைந்த ஹைட்ரஜன் பேசிக் ராடு: பல இடங்களில் பின்பற்றும் கலவை இது. கரையில் குழாய் பதிப்பவர்கள் பயன்படுத்தும் 6010 போன்ற செல்லுலோஸ் ராடுகளுக்கு இங்கே இடமே இல்லை. அவற்றின் பூச்சு வேலை செய்வதே ஹைட்ரஜனை வைத்துத்தான்.

7018 வகை ராடுகளை 260 முதல் 430 டிகிரிக்குள், தயாரிப்பாளர் சொன்ன வெப்பநிலையில், குறைந்தது இரண்டு மணி நேரம் சுட வேண்டும். நடைமுறையில் 350 முதல் 400 வரை வைப்பார்கள். அப்புறம் 120 டிகிரிக்குக் குறையாத ஓவனில் காத்திருக்கட்டும். ஒரு முறை திரும்பச் சுடலாம்; இரண்டாவது முறை கூடாது. பட்டறையில் சிலர் ஓவனை ஆன் செய்துவிட்டு உடனே ராடை எடுக்கிறார்கள். ஓவனின் முள் 350 காட்டினால் கட்டின் நடுவிலுள்ள ராடும் 350 ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. மெல்லிய அடுக்காகப் பரப்பிச் சுட வேண்டும்.

கீழே அனுப்பும்போது அழுத்தம் தாங்கும் டப்பாவில், உலர்ந்த நிலையில் அடைத்து அனுப்ப வேண்டும். காற்று எடுத்து ஒட்டிய சாதாரண பாக்கெட் ஆழத்தின் அழுத்தத்தில் நசுங்கிக் கிழியும். அறைக்குள் சூடான குவிவரில் (ராடுகளைச் சூடாக வைக்கும் கூட்டில்) போட்டு, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கரையில் 7018 ராடு திறந்த வெளியில் நான்கு மணி நேரம் வரை இருக்கலாம் என்று விதி உண்டு. கடலடி அறையின் ஈரத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உங்கள் ஒத்திகையில் நிரூபித்த நேரம் மட்டுமே செல்லும். நேரம் தாண்டிய ராடைத் தனி வாளியில் போட்டுவிடுங்கள். ஒரு ராடின் விலை என்ன, கப்பலின் ஒருநாள் வாடகை என்ன என்று யோசித்தால் தயக்கமே வராது.

ஆர்கான் சிலிண்டரின் தூய்மை சர்டிஃபிகேட்டில் இருக்கலாம். ஆனால் ஹோஸ் வழியாக ஈரம் ஊடுருவும். நீளமான ரப்பர் ஹோஸ் இதில் மோசம். டார்ச்சின் வாயில் ஈரத்தை அளந்து பாருங்கள், சிலிண்டரின் வாயில் அல்ல. ஆர்க் போடுவதற்கு முன் ஹோஸில் வாயுவைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்.

ஏழாம் படி: பொருத்துவது

ஹைட்ரஜனைப் பற்றி இவ்வளவு பேசினாலும், இழுவிசையைக் கையாளாவிட்டால் மற்ற கவனமெல்லாம் வீண். கடலடியில் குழாய் சும்மா கிடப்பதில்லை. அலையும் வெப்ப மாற்றமும் அதை நீட்டும், சுருக்கும். இரு முனைகளையும் பெரிய இரும்புச் சட்டங்களால் தூக்கிப் பிடித்து நேர்க்கோட்டுக்குக் கொண்டுவருகிறோம். முனைகள் சரியாகப் பொருந்தாமல் பலவந்தமாக இழுத்து வைத்தால் அந்த விசை முழுக்க மெல்லிய ரூட் ரன் மேல் விழும்.

புதுத் துண்டு வைத்தால் இரண்டு வெல்டுகள். முதலாவது சுருங்க இடம் இருக்கும். இரண்டாவது, மூடும் வெல்ட், இரு பக்கமும் கட்டுண்டது. விரிசல் அதில் வரும் வாய்ப்பு அதிகம். கூடுதல் முன்சூடு, கூடுதல் கவனம் அதற்கே. ரூட் ரன்னும் அதன் மேல் போடும் இரண்டாவது ரன்னான ஹாட் பாஸும் சுற்று முழுவதும் முடியும்வரை பிடிப்பான்களையும் சட்டங்களையும் அசைக்காதீர்கள்.

எட்டாம் படி: முன்சூடு

முன்சூடு மூன்று வேலை செய்கிறது: ஈரத்தைப் போக்குகிறது, ஆறும் வேகத்தைக் குறைத்து மார்ட்டென்சைட் உருவாவதைக் குறைக்கிறது, ஹைட்ரஜன் வெளியேற நேரம் தருகிறது.

எவ்வளவு சூடு என்பது கார்பன் ஈக்விவலென்ட், தடிமன், ராடின் ஹைட்ரஜன் அளவு, வெல்டிங்கின் வெப்ப அளவு நான்கையும் பொறுத்தது. மேலே கணக்கிட்ட பழைய எக்ஸ்60 போன்ற குழாய்க்கு 100 முதல் 150 டிகிரி வரை யோசிப்பேன். புது எக்ஸ்70-க்கு அவ்வளவு தேவைப்படாமல் போகலாம். ஆனால் கடலடியில் 100-க்குக் கீழே இறங்க எனக்கு மனம் வராது. தண்ணீர் கொதிக்கும் புள்ளி ஆழத்தில் இன்னும் மேலே போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அறைக்குள் ஹீலியம் கலந்த வாயு இருந்தால் இன்னொரு சிக்கல். ஹீலியம் காற்றைப் போல ஆறு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். குழாய்க்குக் கொடுக்கும் சூட்டை அது அள்ளிக்கொண்டு போகும். அறைக்கு வெளியே நீளும் குழாயோ குளிர்ந்த கடலில் கிடக்கிறது. கேஸ் டார்ச் உள்ளே கூடாது; மின்சார ஹீட்டர் பட்டைகளோ இண்டக்ஷன் சுருளோ வேண்டும். வெல்டின் இருபுறமும் அகலமாகச் சுற்றி, மேலே வெப்பம் காக்கும் கம்பளம் போர்த்த வேண்டும். வெல்டிலிருந்து சுமார் 75 மில்லிமீட்டர் தள்ளி அளந்து, அங்கேயும் குறித்த சூடு வந்த பிறகே ஆர்க். குழாயின் அடிப்பக்கத்தில் ஒரு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் உணரி) கட்டாயம். மேல்பக்கம் சூடாகி, அடிப்பக்கம் பின்தங்கும்.

ஒன்பதாம் படி: வெல்டிங்

ரூட் ரன் போட்டதும் ஹாட் பாஸ் உடனே. ரூட் மட்டும் போட்டுவிட்டு டைவர் ஷிப்ட் மாற்றுவது, கருவி பழுது பார்ப்பது எல்லாம் வெல்டைக் கொல்லும் செயல். மெல்லிய ரன் வேகமாக ஆறும், முழு விசையும் அதன் மேலே இருக்கும், ஹைட்ரஜன் வெளியேறியிருக்காது. நான்கு நிபந்தனைகளும் ஒரே இடத்தில் கூடிவிடும். ஆரம்பிப்பதற்கு முன்பே ஷிப்ட், ராடு, மின்சாரம், மாற்று டார்ச் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து, இடையில் நிற்காமல் போக முடியும் என்று தெரிந்த பிறகே ஆரம்பியுங்கள்.

தவிர்க்க முடியாமல் நிற்க நேர்ந்தால், ஹீட்டரை அணைக்காதீர்கள். வெல்டிங் நின்றாலும் சூடு நிற்கக் கூடாது.

ரன்களுக்கு இடையிலான வெப்பநிலை முன்சூட்டின் அளவுக்குக் கீழே போகக் கூடாது. கடைசி ரன் விஷயத்தில் ஒரு நுட்பம் உண்டு. குழாயின் மேல்பரப்பைத் தொடும் ரன்களை முதலில் போட்டு, கடைசி ரன்னை அவற்றின் மேல், குழாயைத் தொடாமல், ஓரத்திலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளிப் போட வேண்டும். அதன் சூடு, கீழே ஓரத்தில் கெட்டித்த பகுதியை மென்மையாக்கும். டெம்பர் பீட் என்பது இதுதான். ஈர வெல்டிங்கிலும் கடினத்தன்மையைக் குறைக்க இருக்கும் நல்ல வழி இதுவே. ஆனால் அங்கே இடைவெளியும் நேரமும் துல்லியமாக இருக்க வேண்டும்.

வெல்டுக்கு வெளியே ராடு தவறிப் பட்டு ஆர்க் தெறித்த புள்ளிகளை விட்டுவிடாதீர்கள். கடுகளவு இடம்தான், ஆனால் நொடியில் ஆறிக் கெட்டித்திருக்கும். அதைத் தேய்த்து எடுத்துச் சோதிக்க வேண்டும்.

எண்ணெயோ வாயுவோ ஓடிக்கொண்டிருக்கும் குழாயின் மேல் ஸ்லீவோ (சுற்றி மூடும் உறையோ) கிளை இணைப்போ வெல்ட் செய்வது தனிக் கதை. உள்ளே ஓடும் எண்ணெயோ வாயுவோ சூட்டை இழுத்துக்கொண்டு போவதால், உலர் அறையில் செய்தாலும் ஈர வெல்டைப் போல வேகமாக ஆறும். முன்சூடு நிற்காது. அங்கே வெப்ப அளவைக் கூட்டுவதும் டெம்பர் பீடும்தான் கைகொடுக்கும். சுவர் மெலிந்திருந்தால் வெப்பம் கூடி ஓட்டை விழும். 2012-ல் நார்வேயின் ஓஸ்கார்டு வயலில் 265 மீட்டர் ஆழத்தில், டைவர் யாரும் இறங்காமல், தொலைவிலிருந்து இயக்கி ஓடும் வாயுக் குழாயில் கிளை பொருத்தினார்கள். நார்வேயில் டைவர்களுக்கு 180 மீட்டர்தான் எல்லை.

பத்தாம் படி: பின்சூடு

கடைசி ரன் முடிந்ததும் ஹீட்டரை அணைக்காமல், 200 முதல் 300 டிகிரி வரை ஏற்றி, இரண்டு முதல் நான்கு மணி நேரம் வைத்திருங்கள். எஃகு 150 டிகிரிக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே இது தொடங்க வேண்டும். ஹைட்ரஜன் வெளியேற எடுக்கும் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது: தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. 15 மில்லிமீட்டர் குழாய்க்குப் போதுமான நேரம் 30 மில்லிமீட்டருக்குப் போதாது. அப்புறம் கம்பளத்தோடு மெதுவாக ஆறவிடுங்கள். அவசரத்தில் வெட்டப்படுவது எப்போதும் இந்தப் படிதான். கப்பல் காத்திருக்கிறது என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள்.

பதினோராம் படி: காத்திருந்து சோதிப்பது

வெல்ட் கடலின் வெப்பநிலைக்கு வந்த பிறகு 48 மணி நேரம் காத்திருந்து இறுதிச் சோதனை செய்வது நல்ல நடைமுறை. வலிமை கூடிய எஃகுக்கு 72 மணி நேரம்கூடக் கேட்பார்கள். முடித்தவுடன் ஒருமுறை சோதிக்கலாம். அது மற்ற குறைகளுக்கு.

எக்ஸ்ரே, காமா படங்களை மட்டும் நம்பக் கூடாது. ஹைட்ரஜன் விரிசலின் வாய் இறுக மூடியிருக்கும். கதிர் வரும் கோணத்துக்குச் சாய்ந்திருந்தால் படத்தில் தெரியாது. உள்ளே பார்க்க அல்ட்ராசோனிக், ஓரங்களுக்குக் காந்தப் பொடி. வெல்டுக்குக் குறுக்கே போகும் விரிசலையும் தேடும்படி அல்ட்ராசோனிக்கை அமைக்க வேண்டும். இன்றைய குறைந்த கார்பன் குழாய்களில் விரிசல் மூல எஃகை விட்டு வெல்ட் உலோகத்துக்குள்ளேயே, குறுக்காக வரும் போக்கு உண்டு.

விரிசல் கிடைத்தால் அதை மட்டும் தோண்டி மூடிவிட்டுப் போகாதீர்கள். ஒன்று இருந்தால் அதே நிலையில் போட்ட மற்ற இடங்களிலும் இருக்கும். ராடு எப்போது திறந்தது, சூடு எங்கே விழுந்தது என்று பதிவைப் பார்த்துக் காரணம் தெரிந்த பிறகே திரும்ப ஆர்க். தோண்டிய பள்ளத்தில் போடும் வெல்ட் நாலாபக்கமும் கட்டுண்டது. முதலில் கொடுத்ததைவிடக் கூடுதல் முன்சூடு வேண்டும்.

பன்னிரண்டாம் படி: கடலிடம் திரும்பக் கொடுப்பது

வெல்ட் தேறிவிட்டது. இனி அலுமினிய ஆனோடுகள் குழாயை சுமார் மைனஸ் 1.05 வோல்ட்டில் வைத்திருக்கும். அந்த மின்னழுத்தத்தில், பூச்சு இல்லாத எஃகின் மேல் ஹைட்ரஜன் உருவாகிக்கொண்டே இருக்கும். 350 விக்கர்ஸுக்குக் கீழே இருக்கும் சாதாரணக் குழாய் எஃகு இதைத் தாங்கும். அதைத் தாண்டிய கெட்டியான இடம் தாங்காது. வெல்டின் மேல் பூச்சு ஒழுங்காக மூட வேண்டும் என்பது துருவுக்காக மட்டும் அல்ல.

கடைசியாக ஆனோடு கேபிள், தூக்கும் காது போன்ற சிறு பொருத்துகள். பெரிய வெல்டுக்கு இவ்வளவு செய்துவிட்டு, இவற்றை முன்சூடு இல்லாமல் ஒரு ரன்னில் ஒட்டிவிடுவார்கள். 1980 மார்ச் 27 அன்று வட கடலில் அலெக்சாண்டர் கீலன் என்ற மிதவைத் தளம் கவிழ்ந்து, இருந்த 212 பேரில் 123 பேர் இறந்தார்கள். முறிவு தொடங்கியது ஒரு ஒலிவாங்கித் தாங்கியைத் தாங்குகுழாயில் ஒட்டிய சிறு ஃபில்லெட் வெல்டிலிருந்து. அங்கே வளர்ந்தது சோர்வு விரிசல். ஆனால் அந்த வெல்ட் கட்டுமானத் தளத்திலேயே விரிந்திருந்தது. விரிசலுக்குள் பெயிண்ட் இருந்ததை வைத்துக் கண்டுபிடித்தார்கள். ஆனோடைக் கிளாம்ப் போட்டு இணைக்க முடிந்தால் அப்படியே செய்யுங்கள். வெல்ட் செய்தே ஆக வேண்டும் என்றால், அதற்கும் இரண்டாம் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.